வீடு போனபின் பிள்ளை எங்கே படிப்பது: பழைய பள்ளியா, நரேலாவா, ஊரா?

2025 ஜூன் 1ஆம் தேதி டெல்லி ஜங்புராவில் மதராஸி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இடிக்கப்பட்டபோது டெல்லிப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. பாராபுல்லா வாய்க்கால் அடைபடுகிறது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று நடந்த வழக்கில் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவின் பேரில் நடந்த இடிப்பு அது. சுமார் 370 வீடுகள். அவற்றில் 189 குடும்பங்கள்தான் நகரின் வட கோடியில் இருக்கும் நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி என்று முதலில் சொன்னார்கள். மற்றவர்கள் பக்கத்துப் பகுதிகளான போகல், ஆசிரமம் பக்கம் வாடகை அறை தேடி அலைந்தார்கள். ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்த அலைச்சலுக்கு நடுவில் ஜூலை வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது. அரை நூற்றாண்டாக நடந்துபோகும் தூரத்தில் பள்ளியை வைத்திருந்த குடும்பங்களுக்கு அன்றைக்குத்தான் பெரிய கேள்வி எழுந்தது: பிள்ளையை எங்கே அனுப்புவது?

மதராஸி கேம்ப்காரர்களுக்கு மட்டுமான கேள்வி இல்லை இது. பதினோரு மாத அக்ரிமெண்ட் முடிந்ததும் அறை மாறுகிறவர்கள், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்குகிறவர்கள், ரேன் பசேரா என்னும் இரவு விடுதியில் படுத்து இரவைக் கழிக்கிறவர்கள், அடுத்த நோட்டீஸ் எப்போது வரும் என்று தெரியாமல் ஏதோ ஒரு பஸ்தியில் (குடிசைப் பகுதியில்) இருக்கிறவர்கள் என்று எல்லாருக்கும் ஒரு நாள் இது வந்து நிற்கும். பள்ளி அட்மிஷன் காகிதங்களுக்காக இந்தக் குடும்பங்களோடு ஆபீஸ் ஆபீஸாக நடந்தவள் நான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடு எங்கே கிடைத்தது என்பதை வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். பிள்ளை எந்த வகுப்பு, அம்மாவுக்கு வேலை எந்தப் பக்கம் என்ற இரண்டையும் வைத்து எடுங்கள். எந்த வழியில் போனாலும், ஒரு பள்ளியின் பதிவேட்டிலிருந்து பெயர் போய் இன்னொன்றில் ஏறாத இடைவெளி ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. படிப்பு நின்றுபோன பிள்ளைகளில் பலர் நின்றது அந்த இடைவெளியில்தான்.

சட்டம் நம் கையில் என்ன கொடுத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பேசப் போனால் குரலே வேறு மாதிரி இருக்கும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும் மட்டும் அது பேசும். அதன் 5ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். எந்தக் காரணத்துக்காக இடம் மாற வேண்டி வந்தாலும், மாநிலத்துக்குள்ளேயோ வெளியேயோ, பிள்ளை வேறு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறலாம். பழைய பள்ளித் தலைமையாசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும், தாமதித்தால் அவர் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். டி.சி. வரவில்லை என்று காரணம் காட்டிப் புதிய பள்ளி அட்மிஷனைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது.

14ஆம் பிரிவு வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. 15ஆம் பிரிவின்படி வருட நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 9ஆம் பிரிவு, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பைப் பெயர் சொல்லியே உள்ளாட்சி அமைப்பின் தலையில் வைக்கிறது. படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. ஆதார் இல்லாததால் ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது.

பழைய பள்ளியிலேயே தொடர்வதற்கு இந்தச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது? அமெரிக்காவில் 1987இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், வீடிழந்த பிள்ளை பழைய பள்ளியிலேயே படிக்கவும், அங்கே போய்வர ஏற்பாடு கேட்கவும் இன்று உரிமை தருகிறது. நம்மிடம் அப்படி ஒரு நேர்வாசகம் இல்லை. ஆனால் எட்டாவது முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்று 16ஆம் பிரிவில் இருக்கிறது. ‘உங்கள் வீடு இங்கே இல்லையே, டி.சி. வாங்கிக்கொண்டு போங்கள்’ என்று யாராவது சொன்னால், அதை நீங்கள் கேட்டுக்கொண்டு எழுந்து வர வேண்டியதில்லை. பள்ளியை மாற்றுவது உங்கள் உரிமை, மாறச் சொல்லித் தள்ள அவர்களுக்கு உரிமை கிடையாது.

இனி வழிகளைப் பார்ப்போம். பழைய பள்ளியில் தொடர்வதன் பெரிய லாபம், பிள்ளையின் உலகம் ஒரே நாளில் இரண்டு முறை இடியாது என்பது. டீச்சருக்குப் பெயர் தெரியும், தோழிகள் இருக்கிறார்கள், எந்தப் பாடத்தில் தடுமாறுகிறாள் என்று சொல்ல ஆள் இருக்கிறது. தமிழும் இருக்கிறது. 1923இல் தொடங்கிய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் லோதி எஸ்டேட், மந்திர் மார்க், மோதி பாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என்று நகரின் நடுவிலும் தெற்கிலும் மேற்கிலும் இருக்கின்றன. நரேலா பக்கம் ஒன்றும் இல்லை. நரேலாவுக்குப் போன பிள்ளை தமிழ்ப் பாடத்தை அங்கே தொடர முடியாது.

நஷ்டம் தூரம். நரேலாவிலிருந்து ஷேர் ஆட்டோவிலோ பஸ்ஸிலோ சமய்பூர் பாத்லி மெட்ரோ நிலையம் வந்து, மஞ்சள் லைன் பிடித்து, காஷ்மீரி கேட்டில் வயலட் லைனுக்கு மாறி ஜங்புரா வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும். மெட்ரோவில் மாணவர் சலுகை கிடையாது. டி.டி.சி. பஸ்ஸில் மாணவர் பாஸ் மலிவு. பெண்களுக்கு 2019 அக்டோபர் முதல் கட்டணமில்லாப் பயணம் வந்ததால் பெண் பிள்ளைக்குப் பஸ் செலவு பெரிதாக இருக்காது, ஆனால் முழுக்கப் பஸ்ஸிலேயே வந்தால் நேரம் இன்னும் கூடும்.

அப்படிப் போய்வரும் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நிஜாமுதீனில் கோட்டி வேலை, அதாவது பங்களாக்களில் வீட்டு வேலை. விடியும் முன்பே இருவரும் சேர்ந்து கிளம்புவார்கள். மஞ்சள் லைனில் ஏறியதும் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, அதன் மேல் சமூக அறிவியல் கைடைத் திறந்துவிடுவாள். மாலையில் பள்ளி விட்டதும் அம்மா வேலை செய்யும் வீட்டுப் பின்கட்டில் வீட்டுப்பாடம். இருட்டியபின் இருவரும் சேர்ந்து திரும்புகிறார்கள். அவளிடம் ‘ஏன் மாறலை?’ என்றேன். “அக்கா, போர்டு வருஷம். தமிழ் எடுத்திருக்கேன். அங்க போனா அதுக்கு யார் பாடம் நடத்துவாங்க?” என்றாள். அவள் சொன்னது சரி. சி.பி.எஸ்.இ. விதிப்படி ஒன்பதில் எடுத்த பாடங்களோடுதான் பத்தாவது எழுத வேண்டும். பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகப் பள்ளி மாற வாரியத்தின் அனுமதி வேண்டும். குடும்பம் இடம் மாறியது என்ற காரணத்துக்கு அந்த அனுமதி கிடைக்க வழி உண்டு, ஆனால் காகிதம் நகர நாளாகும். அதுவரை போகும் வகுப்புகளும், தேர்வெழுத வேண்டிய 75 சதவீத வருகையும் யார் கணக்கில்? போர்டு வருடப் பிள்ளைக்குப் பழைய பள்ளிதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போகலிலோ ஆசிரமத்திலோ சித்தி, மாமா வீடு இருந்தால் வார நாட்களில் பிள்ளை அங்கே தங்கி, சனிக்கிழமை நரேலா போவது என்றும் சிலர் செய்கிறார்கள். அறை சின்னதாக இருக்கும், அவர்களுக்கும் கஷ்டம்தான். ஆனாலும் ஒரு வருடத்துக்கு இது நல்ல ஏற்பாடு. மாதச் செலவுக்கு ஒரு தொகையை முதலிலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள், மனஸ்தாபம் வராது.

ஐந்தாம் வகுப்பு வரை இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். ஏழு வயதுப் பிள்ளையை நாளுக்கு நான்கு மணி நேரம் வண்டியில் இழுத்தடிப்பது படிப்பே இல்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை பக்கத்து மாநகராட்சிப் பள்ளி, ஆறிலிருந்து கல்வி இயக்ககத்தின் அரசுப் பள்ளி என்பது டெல்லியின் பொது அமைப்பு. சர்வோதய வித்யாலயா என்றால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே இடம், கிடைத்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சின்ன வயதில் இந்தியை மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வார்கள், டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு அது பாதி வந்தே இருக்கும். மதியச் சாப்பாடு எட்டாவது வரை அங்கேயும் உண்டு.

ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல அரசுப் பள்ளிகள் இரண்டு ஷிப்ட், காலையில் பெண்கள், மதியத்துக்கு மேல் ஆண் பிள்ளைகள். அக்காவும் தம்பியும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்ப முடியாது. அம்மா இன்னமும் நிஜாமுதீனுக்கும் டிஃபென்ஸ் காலனிக்கும் கோட்டி வேலைக்குப் போகிறார் என்றால், வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி. பையனை மதியம் யார் கிளப்பிவிடுவது? யாரும் இல்லாவிட்டால் பள்ளி வீட்டுக்கு எதிரிலேயே இருந்தாலும் பையன் போகமாட்டான். அம்மாவின் வேலை இடத்தைக் கணக்கில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். வேலையும் நரேலா, பவானா பக்கம் மாறிவிட்டதென்றால் தயங்காமல் பிள்ளைகளையும் அங்கே மாற்றிவிடுங்கள். ஒருவேளை மாறவே இல்லை என்றால், அடுத்த வீட்டில் ஒரு பாட்டியாவது இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, அட்மிஷன் மேசை. நான் கூடப் போன ஒரு பள்ளியில், ஆறாம் வகுப்புப் பையனின் ஆதாரைப் பார்த்த கிளார்க், “ஜங்புரா முகவரி இருக்கிறது, நீங்கள் இந்த ஏரியா இல்லை” என்று காகிதங்களைத் திருப்பித் தள்ளினார். அந்த அம்மா பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். வீடு ஒதுக்கிய கடிதம், பழைய ரேஷன் கார்டு, பையனின் அரையாண்டு மார்க் ஷீட். கிளார்க் நிமிரவில்லை. நான் ஒரு வெள்ளைத் தாளை வாங்கி, இடிப்பு நடந்த தேதி, இப்போது தங்கியிருக்கும் இடம், சட்டத்தின் 5, 14, 15ஆம் பிரிவுகள், ‘சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுதித் தரவும்’ என்று இந்தியில் நாலு வரி எழுதி இரண்டு நகல் வைத்தேன். ஒன்றில் சீல் போட்டுத் தரும்படி கேட்டதும் அவர் எழுந்து உள்ளே போனார். தலைமையாசிரியை வந்து தாளைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், பையனை அன்றைக்கே வகுப்பில் உட்காரவைத்தார். வாய்வார்த்தையாக எத்தனை தடவை கேட்டாலும் வாய்வார்த்தையாகவே மறுத்து அனுப்பிவிடுவார்கள். எழுதிக் கொடுத்த தாளை அப்படித் தள்ள முடியாது.

அதன் பிறகும் ஒரு முட்டுக்கட்டை வரும். நாட்டில் ஒவ்வொரு மாணவரின் பதிவும் இப்போது யூ-டைஸ் பிளஸ் என்ற கணினிப் பதிவில் இருக்கிறது. பழைய பள்ளி தன் பக்கத்திலிருந்து பிள்ளையை விடுவித்து அதிலுள்ள டிராப்பாக்ஸ் என்ற பொதுப் பட்டியலில் போட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் இருந்தும் இது நடக்காததால் பதிவேட்டில் பெயர் ஏறாத பிள்ளைகள் இருக்கிறார்கள். டி.சி. வாங்கும் அன்றே, ‘யூ-டைஸில் ரிலீஸ் பண்ணிட்டீங்களா மேடம்?’ என்று கேட்டு, அந்தப் பதிவில் பிள்ளைக்கு உள்ள நிரந்தர எண்ணான பென் (PEN) நம்பரைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மூன்றாவது வழி ஊர். சேலம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் பாட்டி வீடு இருக்கிறவர்களுக்கு முதலில் மனதில் வருவது இதுதான். இதன் லாபங்கள் நிஜமானவை, அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒன்று முதல் ஐந்து வரை அரசுப் பள்ளியில் காலை உணவு இருக்கிறது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஆணுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. மருத்துவத்திலும் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது.

‘ஆறிலிருந்து’ என்ற அந்த வார்த்தையை மனதில் வையுங்கள். பல குடும்பங்கள் பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ வந்தபிறகு ஊருக்கு அனுப்புகிறார்கள், இந்த உதவிகள் கிடைக்கும் என்று நம்பி. ஆறும் ஏழும் டெல்லியில் படித்த பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. ஊர்தான் என்று தீர்மானித்தால் ஐந்தாவது முடிந்த கோடையில், ஆறாம் வகுப்பு தொடங்கும்போது சேர்த்துவிட வேண்டும். அடுத்தது தமிழ். டெல்லியில் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை சமாளித்துவிடும். மாநகராட்சிப் பள்ளியில் இந்தியில் படித்த பிள்ளைக்கு வீட்டில் பேசும் தமிழ் மட்டுமே தெரியும், எழுத்துக் கூட்டத் தெரியாது. தமிழ்நாட்டில் பத்தாவது வரை தமிழ் கட்டாயப் பாடம். ஒன்பதாம் வகுப்பில் போய் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளையின் அவமானத்தை நான் பார்த்திருக்கிறேன், அதை எந்தப் பிள்ளைக்கும் தரக் கூடாது.

எல்லாவற்றையும் விடக் கனமானது பிரிவு. அம்மாவும் அப்பாவும் டெல்லியில், பிள்ளை ஊரில் என்றால் பள்ளிக் கூட்டத்துக்குப் போவது யார், காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவது யார் என்று பெயரோடு பதில் இருக்க வேண்டும். எழுபது வயதுப் பாட்டியால் பதிமூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அந்தப் பாட்டியிடமே கேளுங்கள். குடும்பம் முழுவதும் திரும்புகிறது என்றால் ஊர் நல்ல வழி. பிள்ளையை மட்டும் அனுப்புவதை நான் கடைசியாகத்தான் சொல்வேன். அனுப்புவதென்றால் டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கும் வழக்கம் உண்டு, ரயிலேறும் முன்பே வாங்கிவிடுங்கள். அதற்காக டெல்லிக்குத் திரும்பிவரும் செலவு ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் வீட்டிலிருந்தே பத்தாவது எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். 14 வயது ஆகியிருந்தால் சேரலாம், சான்றிதழும் செல்லும். ஆனால் தினம் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இல்லாத பிள்ளை முதல் மாதத்திலேயே வேலைக்கு இழுபடுகிறது, பெண் என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறாள். ஒன்பதாவதில் தவறி, வயதும் ஏறி, வேறு வழி இல்லாத பிள்ளைக்கு இது சரி. பயண அலுப்புக்காக எடுக்கக் கூடாத முடிவு. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடமும் ஆரம்ப வகுப்புச் சேர்க்கைக்குத்தான், ஐந்தாவது படிக்கும் பிள்ளைக்கு அது பயன்படாது. நர்சரி வயதில் ஒரு தங்கை இருந்தால் அவளுக்கு விண்ணப்பியுங்கள்.

ஆறு, ஏழு, எட்டுதான் உண்மையில் கடினமான வகுப்புகள். பயணத்தைத் தாங்கும் வயது வந்திருக்கும், ஆனால் வருடக்கணக்கில் தாங்காது. அம்மாவோடு சேர்ந்து போய்வர முடியுமென்றால் நடக்கும் கல்வியாண்டைப் பழைய பள்ளியில் முடித்துவிட்டு, ஏப்ரலில் புதிய ஆண்டு தொடங்கும்போது மாறச் சொல்வேன். துணை இல்லையென்றால் உடனே மாறலாம். ஆனால் எட்டாவது முடிவதற்குள் மாற்றத்தை முடித்துவிடுங்கள். ஒன்பதிலிருந்து கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் இல்லை. டெல்லி அரசுப் பள்ளிகளில், வெளியிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கான நான்-பிளான் அட்மிஷன் என்று குறிப்பிட்ட நாட்களில் ஆன்லைனில் பதிய வேண்டும், தேதி தவறினால் கெஞ்சத்தான் வேண்டியிருக்கும். சட்டம் கையில் இருக்கும்போதே மாறுகிறவருக்குக் கெஞ்ச வேண்டிய தேவை வராது.

வீடே ஒதுக்கப்படாமல் வாடகை அறையில் இருக்கிறவர்கள் பழைய பள்ளிக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் யோசனை ஒன்றே: அறை எத்தனை முறை மாறினாலும் பள்ளியை மாற்றாதீர்கள். புதிய முகவரியைப் பள்ளியில் எழுதிக் கொடுங்கள், டி.சி. மட்டும் வாங்காதீர்கள்.

மாறுகிறவர்கள் முதலில் புதிய பள்ளிக்குப் போய் இடம் இருக்கிறதா, எந்த ஷிப்ட் என்று பேசி, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பழைய பள்ளியில் டி.சி. கேளுங்கள். கையில் டி.சி.யோடு மாதக்கணக்கில் பள்ளி தேடும் நிலை வரக் கூடாது. மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை, பழைய ரேஷன் கார்டு, இடிப்பு நோட்டீஸ் என்று கைக்கு வந்த எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்று தொலைந்துபோயிருந்தால் ஆஸ்பத்திரிப் பதிவோ அங்கன்வாடிப் பதிவோ போதும், அதுவும் இல்லையென்றால் பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் செல்லும்.

பள்ளி மறுத்தால் அதே விண்ணப்பத்தை மண்டலக் கல்வி அதிகாரி அலுவலகத்தில் கொடுங்கள், மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சிக் கல்வித் துறையில். சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி எழுத்துப் புகாருக்கு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் டெல்லி குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. மூன்று மாதம் என்பது ஒரு பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு வரை போய்விடும் காலம். அதனால் புகார் போட்ட கையோடு வாரம் ஒருமுறை புகாரின் பதிவு எண்ணை (டைரி நம்பரை) சொல்லி நேரில் போய்க் கேளுங்கள், போகும்போது பள்ளி நேரத்தில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.